கைக்கு ஒரு லைசென்ஸ்

அதெல்லாம் இங்க கிடையாதுங்க.

இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க. படுங்க. முதுகு பூரா எண்ணெயோட எங்க போவீங்க? சட்டை அந்தா அந்தக் கொக்கியில தொங்குது. கொக்கிக்கும் உங்களுக்கும் நடுவுல நான் நிக்கறேன். ஒரு மணி நேரம்னு சொல்லித்தான வந்தீங்க, இன்னும் பத்து நிமிசம்கூட ஆகல. மூஞ்சிய அந்த மேசை ஓட்டைக்குள்ளயே வெச்சுக்கங்க. ம், அப்படித்தான்.

"வேற ஏதாச்சும் ஸ்பெசல் இருக்குதா தம்பி"ன்னு கேட்டீங்களே, அதுல அந்தத் 'தம்பி'தானுங்க எனக்கு ரொம்பப் பிடிச்சது. கேக்கறது இந்தக் கேள்வி, அதுல சொந்தக்காரன் மாதிரி ஒறம்பரை வேற.

கோவமெல்லாம் இல்லீங்க. கை அழுத்தமா விழுகுதா? அது கோவமில்ல, அங்க முடிச்சு இருக்குது. வாரத்துக்கு நாலு பேரு கேக்கறாங்க. இந்த வாரத்துக்கு நீங்க மூணாவது, இன்னொருத்தர் வர வேண்டியிருக்குது. எல்லாரும் குப்புறப் படுத்துக்கிட்டு தரையப் பாத்துத்தான் கேப்பாங்க. நாயமாப் பாத்தா என்னையவிட அந்த டைல்ஸுக்குத்தான் கோவம் வரணும்.

இந்த ஒரு கேள்விக்காகத்தானுங்க போன சித்திரையில இருந்து நாங்க நாயா அலைஞ்சோம். லைசென்ஸ் வேணும்னு. கடைக்கில்லீங்க. கடைக்கு இருக்குது, வாசல்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்குது, ஊதுபத்தி காட்டாத குறை. கைக்கு வேணும்னோம். இந்தக் கை படிச்ச கை, பரிச்சை எழுதின கை, இது ஒடம்பத் தொட்டா அது வேலை, கேஸ் இல்லன்னு கவர்மெண்டு ஒரு பேப்பர் குடுக்கணும்னோம். டீக்கடைக்காரனுக்குப் பேப்பர் இருக்குது. பட்டாசு விக்கறவனுக்கு இருக்குது. எங்களுக்கு இல்ல. அதனால ஆறு மாசம் எலும்பு எண்ணிப் படிச்சவனும், உள்ள லைட்ட அணைச்சுட்டு வர்றவனும் ஒரே போர்டு வெச்சிருக்கறான். போலீசுக்கு வித்தியாசம் தெரியல. உங்களுக்கும் தெரியல. சரி, உங்களுக்குத் தெரிஞ்சுதான் கேட்டீங்க, விடுங்க.

மூச்ச விடுங்க. நான் சொன்னா மட்டும் விடறீங்களே, எப்பவுமே விடணுமுங்க.

என்ற பேரு சபரீஷ். பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல், மூணாவது செமஸ்டரோட நின்னுட்டேன். நின்னனா, நிறுத்துனாங்களான்னா, ரெண்டும் ஒரே நாள்லதான் நடந்துச்சு. ஒர்க்ஷாப் சார் லேத் மெசினக் காட்டி, "இதுல என்னடா வரும்?"னாரு. "கரண்டு வந்தா ஏதாச்சும் வரும் சார்"னேன். கிளாஸ் பூரா சிரிச்சுது, அவரு சிரிக்கல. அப்பறம் கொரியர்ல எட்டு மாசம், டூவீலர் ஷோரூம்ல அஞ்சு மாசம். எங்க போனாலும் வாயி முன்னால போகுது, நான் பின்னால போறேன். கடைசியா பாலக்காட்டுல ஆறு மாசம் இந்தக் கோர்ஸ் படிச்சுட்டு இங்க வந்தேன். நாலு வருசமாச்சு. ஏன் இங்க மட்டும் நின்னேன்னா, இங்கதானுங்க கஸ்டமர் திருப்பிப் பேச முடியாது.

கடை நாச்சிமுத்து அண்ணனுது. ஒரு காலத்துல மில்லு கபடி டீமுக்குக் கால் பிடிச்சு விட்டவரு. இந்தக் கோயமுத்தூர்ல எங்கள மாதிரி நாப்பத்திரண்டு பேரச் சேத்து சங்கம் ஆரம்பிச்சது அவருதான். பேரு 'தசைநலப் பணியாளர் சங்கம்'. மசாஜ்னு சொன்னா கூட்டம் போட ஹால் தர மாட்டேங்கறானுக. ஒரு மண்டபத்துக்காரன் கேட்டான், "லேடீசும் வருவாங்களா?" வருவாங்கன்னோம். "அப்ப முடியாதுங்க"ன்னுட்டான். அடுத்த மண்டபத்துக்காரனும் அதையே கேட்டான். வருவாங்கன்னோம். "அப்ப ஹால் சும்மாவே எடுத்துக்கங்க"ன்னான். செருப்பக்கூட சரியாப் போடாம ஓடி வந்தோம்.

அந்தத் தடுப்பு தெரியுதுங்களா? தெரியாது, நீங்க டைல்ஸப் பாக்கறீங்க. வலது பக்கம் பலகைத் தடுப்பு ஒண்ணு இருக்குது. அதுக்கு அந்தப் பக்கம் லேடீசுக்கு. அங்க பூங்கொடி அக்கா இருந்தாங்க. முப்பத்தெட்டு வயசு. இந்த ஊர்ல அவுங்க கைக்கு ஈடு கிடையாதுங்க. தோள்பட்டை தூக்க முடியாம ஆட்டோவுல வந்து எறங்கின டீச்சரம்மா, போறப்ப கையத் தூக்கி பஸ்ஸ நிறுத்துனாங்க. நான் பாத்தேன். கஸ்டமர் துண்டு போத்திக் குப்புறப் படுத்ததுக்கப்பறம் நாம உள்ள போகணும், அவுங்க எந்திரிக்கறதுக்கு முன்னால வெளிய வந்தரணும், பேரு கேக்கக் கூடாது, இதெல்லாம் அக்கா போட்ட வழக்கம். அதனால எனக்கு இந்த ஊர்ல யாரு மூஞ்சியும் தெரியாதுங்க. முதுகுதான் தெரியும். முதுகு தெரிஞ்சா போதும், ஆள எங்கயும் பிடிச்சிருவேன்.

அக்காளுக்குத்தான் அந்த லைசென்ஸு அவசரம். எங்களுக்கெல்லாம் மரியாதை. அவுங்களுக்குப் புள்ளை.

மூணு வருசத்துக்கு முன்னால வேற ஒரு கடையில இருந்தாங்க. அந்த ஓனரு மாடியில வேற யாவாரம் பண்ணியிருக்கறான். போலீஸ் வந்துச்சு. மாடியில இருந்தவங்களயும் ஏத்துச்சு, கீழ ஒரு கெழவிக்கு முட்டிக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டிருந்த அக்காளயும் ஏத்துச்சு. மறுநாள் பேப்பர்ல போட்டோ, துப்பட்டாவத் தலையில போட்டுக்கிட்டு ஆறு பேரு. அக்கா ரெண்டாவது. அப்பறம் ஒரு வருசம் கழிச்சு கோர்ட்டு, இவுங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்லிப் பேப்பர் குடுத்துருச்சு. அத யாரு போட்டோ எடுத்துப் போடறாங்க? அதுக்குள்ள வீட்டுக்காரரு பல்லடத்துக்குப் போயிட்டாரு, அவரு அக்கா வீட்டுக்கு, புள்ளையையும் கூட்டிக்கிட்டு. மகிழினின்னு பேரு. ஆறாங்கிளாஸு. குடும்ப கோர்ட்டுல அக்கா புள்ளையக் கேட்டு மனுப் போட்டாங்க. வக்கீல் சொல்லியிருக்கறாரு, "நீ பாக்கறது கவர்மெண்டு ஒத்துக்கிட்ட தொழில்னு ஒரு காயிதம் காட்டும்மா, மத்தத நான் பேசிக்கறேன்"னு. புரட்டாசியில கேஸு வருது.

அதுக்குத்தானுங்க அத்தனை ஓட்டம்.

மொதல்ல கையெழுத்து இயக்கம். பொதுமக்கள் ஆயிரம் பேரு கையெழுத்துப் போட்டா ஃபைலு நகரும்னாங்க. நான் சொன்னேன், "அண்ணா, நம்ம கஸ்டமரே ஆயிரத்துக்கு மேல இருக்கறாங்க, ஒரு வாரத்துல முடிச்சுர்றேன்." எத்தன பேரு போட்டாங்கன்னு நெனைக்கறீங்க? பதினொண்ணு. அதுல ரெண்டு பேரு இடது கையில போட்டாங்க. ஒருத்தன் அவன் மச்சினன் பேரப் போட்டான். படுத்திருக்கறப்ப "உன் கையில மாயம் இருக்குது தம்பி"ங்கறான், பேனாவ நீட்டுனா "மீட்டிங் இருக்குது"ங்கறான்.

நானும் விடலீங்க. சூப்பர் மார்க்கெட்ல கியூவுல முன்னால ஒரு முதுகு நிக்குது. இடுப்புக்கு மேல லேசா வலப்பக்கம் சாஞ்ச முதுகு. அட, நம்ம செவ்வாக்கிழமை! போயித் தட்டுனேன். "சார், இடுப்பு இப்பப் பரவால்லீங்களா? ஒரு கையெழுத்து வேணும்." பக்கத்துல அவுரு சம்சாரம். "இடுப்புக்கு என்னங்க?"ன்னு கேட்டுச்சு அந்தம்மா. அவரு தள்ளுவண்டிய அப்படியே விட்டுட்டு வெளிய போயிட்டாரு. பருப்பு, சோப்பு எல்லாம் அதுலயே கிடக்குது. அதுக்கப்பறம் கடைக்கும் வரல. கோழைங்க. இப்படி ஒரு ஏழெட்டுப் பேரு வர்றத நிறுத்திட்டானுக. நாச்சிமுத்து அண்ணன் என்னையக் கையெழுத்து வேலையில இருந்து தூக்கிட்டு பேப்பர் பிரிண்ட் எடுக்கற வேலையில போட்டாரு. பொறாமைதான், வேற என்ன.

நீங்க போடுவீங்களா கையெழுத்து? பாத்தீங்களா, தோள்பட்டை கல்லாயிருச்சு. வாயி எது வேணாலும் சொல்லும்ங்க, இது சொல்லாது.

கையெழுத்து இல்லாமயே எப்படியோ ஃபைலு நகந்துச்சு. எப்படின்னு அப்ப எனக்குத் தெரியாது. ஆடி மாசம் ஒரு கமிட்டி வந்துச்சு, எங்க கிட்ட நேர்ல கேக்கறதுக்கு. மூணு பேரு. சென்னையில இருந்து ஒரு மேடம், அவுங்கதான் தலைவரு. அப்பறம் ஒரு டாக்டர். அப்பறம் இந்த ஊர்லயே இருக்கற ஒரு ஆபீசரு, கூட்டத்துல நடக்கறதையெல்லாம் எழுதி மேல அனுப்பறது அவரு வேலை. எந்த ஆபீஸுன்னு சொல்ல மாட்டேங்க. தொழில் தர்மம். ஆனா இடது தோள் ரெண்டு விரல் எறங்கி, மஞ்சக் கலர் ஸ்கூட்டர்ல போற ஆபீசரு இந்த ஊர்ல எத்தன பேரு இருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

ஹால்ல நாங்க நாப்பது பேரு, பின்னால நிருபருங்க, மொபைல் சேனல்காரங்க ரெண்டு பேரு. நாங்க எழுதின சட்ட திட்டமெல்லாம் நான்தான் பிரிண்ட் எடுத்தேன். அதுல ஒண்ணாம் நம்பரு, 'வாடிக்கையாளர் யாரென்பதை எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக்கூடாது.' எழுத்துப் பிழை இல்லாம அடிச்சிருந்தேன்.

மேடம் கேட்டாங்க, "நீங்க பண்றது என்னன்னு எனக்குப் புரியற மாதிரி காட்டுங்களேன்."

அக்கா எந்திரிச்சாங்க. நாச்சிமுத்து அண்ணன நாற்காலியில திருப்பி உக்கார வெச்சாங்க. சட்டை மேலயே கைய வெச்சுக் காட்டுனாங்க. "மேடம், இது எலும்பு. இத அழுத்தக் கூடாது. இது சதை, அழுத்தலாம். கழுத்துல இந்தப் பக்கம் மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்குது. படிக்காதவங்க நல்லது பண்றதா நெனச்சு இங்கதான் அழுத்தறாங்க. மயக்கம் போட்டு விழுந்தவங்கள நான் பாத்திருக்கறேன். எங்களுக்குப் பரிச்சை வைங்க மேடம். தேறாதவங்கள வெளிய அனுப்புங்க. நான் தேறலன்னா என்னையும் அனுப்புங்க."

டாக்டர் தலைய ஆட்டுறாரு. மேடம், "இத எழுதிக்கங்க"ன்னாங்க. ஜெயிச்சாச்சுங்க. நான் பக்கத்துல இருந்தவன் தொடையக் கிள்ளிட்டேன்.

அப்ப அந்த ஆபீசரு வாயத் திறந்தாரு. "ஒரு நிமிசம் மேடம். இந்தம்மா மேல மூணு வருசத்துக்கு முன்னால ஒரு கேஸ் இருந்துச்சு. பேப்பர்ல போட்டோவே வந்துச்சு. இவங்களுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தா பொதுமக்கள் என்ன நெனைப்பாங்க? அதுக்கு இந்தம்மா என்ன பதில் சொல்றாங்க?"

எனக்கு உச்சியில ஏறுச்சுங்க. புள்ளையப் பறி குடுத்துட்டு நிக்கற பொம்பளைகிட்ட, நாப்பது பேரு முன்னால! அக்கா ஒரு கவர எடுத்தாங்க. அந்தாளு பின்னால மேசையில இருந்த ஃபைல எடுக்கத் திரும்பினாரு.

திரும்பினாருங்களா. முதுகு.

இடது தோள் ரெண்டு விரல் எறக்கம். கழுத்து மட்டும் திரும்பாது, இடுப்போட சேந்து மொத்தமாத் திரும்பும். அட, நம்ம வியாழக்கிழமை ரெண்டரை மணி! ஒண்ணரை வருசமா வர்றாரு. போன்ல 'குமார்'னு புக் பண்ணுவாரு.

என் கால் தானாப் போச்சுங்க. நேரா மேடைக்குப் போயி, அவுரு பின்னால நின்னு, தோள்பட்டை எலும்புக்குக் கீழ கட்டை விரல வெச்சு ஒரு அழுத்து. "இங்கதானுங்க சார் வலி? போன வியாழக்கிழமை ரெண்டரை மணிக்கு நான்தானுங்க எடுத்து விட்டேன்? அப்பப் பொதுமக்கள் என்ன நெனைப்பாங்கன்னு உங்களுக்குத் தோணலீங்களா?"

நான் பேசினது பெருசில்லீங்க. என் விரல் அந்த எடத்துல பட்டதும் அந்தாளு கண்ண மூடி, "ஆ...ஹ்..."ன்னாரு. சொகத்துல. ஒடம்புக்கு என்ன தெரியும், ஆபீஸா கடையான்னு? மைக்கு முன்னால இருந்துச்சு. ஹால் பூரா கேட்டுச்சு.

சிரிப்புன்னா சிரிப்புங்க அது. நிருபருங்க நாற்காலி மேல ஏறிட்டாங்க. டாக்டரே வாயப் பொத்திக்கிட்டாரு. நீங்களும் சிரிக்கறீங்க பாருங்க, முதுகு குலுங்குது. சிரிக்காதீங்க, எண்ணெய் ஒழுகுது.

மேடம் மட்டும் சிரிக்கல. ஃபைல மூடுனாங்க. "கூட்டம் முடிஞ்சுது"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அக்கா கவரக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க.

சாயந்திரத்துக்குள்ள வீடியோ நாலு லட்சம் பேரு பாத்துட்டாங்க. 'வியாழக்கிழமை ரெண்டரை மணி'ன்னு பேரு வெச்சு, அந்த "ஆ...ஹ்"க்கு மியூசிக் எல்லாம் போட்டு விட்டானுக. பேக்கரியில என்கிட்டக் காசு வாங்கல. நாலு நாளைக்கு நான்தானுங்க ஹீரோ. அந்தாளு லீவு போட்டாரு. அப்பறம் எங்கயோ மாத்திட்டாங்க. அவுரு சம்சாரம் அம்மா வீட்டுக்குப் போயிருச்சுன்னு பேசிக்கிட்டாங்க. நான் என்னங்க பண்றது? நான் தோள்பட்டைன்னுதான சொன்னேன்? வேற ஏதாச்சும் சொன்னனா? ஊரு வேற மாதிரி நெனச்சா அதுக்கு நானா பொறுப்பு?

அன்னிக்குப் படிக்கட்டுலயே நாச்சிமுத்து அண்ணன் என் சட்டையப் பிடிச்சுட்டாரு. "அந்தக் கேள்விய அவரு எதுக்குடா கேட்டாரு?"

"அக்காள அசிங்கப்படுத்தத்தானுங்க."

"நாங்க கேக்கச் சொல்லித்தான்டா கேட்டாரு! அவரு கேக்கணும், இவ கோர்ட்டுப் பேப்பரக் காட்டணும், அது அப்படியே கூட்டக் குறிப்புல ஏறணும். அரசாங்கக் காயிதத்துல, சம்பந்தமில்லைன்னு, இவ பேரோட. அத வாங்கிட்டுப் போயி கேஸுல வெக்கறதுக்கு. மூணு தடவை உக்காந்து பேசியிருக்கோம்டா. கையெழுத்தே இல்லாம உங்கொப்பனா ஃபைலத் தள்ளுனான்? மூணு மாசமா அந்த மனுசன்தான்டா தள்ளுனாரு. தோள் செரியானதுக்கு நன்றிக்கடன்னு."

சட்டைய அவரு கையில இருந்து எடுத்து விட்டுக்கிட்டேன். அப்பறம் கேட்டேன், "அத ஏனுங்கண்ணா எங்கிட்டச் சொல்லல?"

"உங்கிட்டச் சொன்னா ஊருக்கே சொல்லிருவேன்னுதான் சொல்லல."

பாருங்க அநியாயத்த! நாலு வருசம் ஒரே கடையில குப்பை கொட்டுனவன நம்பாம மறைச்சு வெச்சுட்டு, அப்பறம் எனக்குத் தெரியலன்னு என்னையத் திட்டறாங்க. சொல்லியிருந்தா நான் ஏனுங்க மேடையேறப் போறேன்?

அண்ணன் அப்பறம் கத்தல. மெதுவாத்தான் சொன்னாரு. "நாம அவனுக்குக் குடுத்தது என்ன பெருசா? ஒரு மணி நேரம், அவன் ஆபீசரு இல்ல, புருசன் இல்ல, ஒண்ணுமில்ல, சும்மாக் கிடந்தான். அதக் கொண்டுபோயி சந்தையில வெச்சுட்டயேடா." வசனமெல்லாம் நல்லாத்தான் பேசுவாரு. சங்கத்துல இருந்து நீக்கிட்டாங்கன்னு வெளிய சொல்லிக்கறாங்க. நான்தானுங்க விலகினேன். கடையில மட்டும் வெச்சிருக்கறாரு, ஏன்னா ஆம்பளைகளுக்கு வேற கை இல்ல.

அக்கா ஒண்ணும் திட்டலீங்க. கீழ பஸ் ஸ்டாப்புல நின்னாங்க. நான் போயி, "அக்கா, அந்தாளு அப்படிக் கேட்டா எப்படிப் பொறுத்துக்கறது?"ன்னேன். கவர மடிச்சுப் பைக்குள்ள வெச்சாங்க. "நான் சொல்லியிருப்பேன் சபரி"ன்னாங்க. அவ்வளவுதான். பஸ் வந்துச்சு, ஏறிட்டாங்க.

இன்னொரு கை குடுங்க. ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்குது? பயப்படாதீங்க, உங்கள எனக்குத் தெரியவே தெரியாது.

புரட்டாசியில கேஸு வந்துச்சு. நானும் போனேன், சாட்சி சொல்லலாம்னு. யாரும் கூப்புடல. எதிர் வக்கீலு போனத் தூக்கி அந்த வீடியோவப் போட்டுக் காட்டுனாரு. மைக்குல அந்த "ஆ...ஹ்" கோர்ட்டுக்குள்ள கேக்குது. "இதுதானுங்க இந்தம்மா வேலை பாக்கற எடத்தோட லட்சணம்"னாரு. அக்காளோட வக்கீலு பழைய கோர்ட்டுப் பேப்பரக் குடுத்தாரு. வாங்கி வெச்சுக்கிட்டாங்க. கவர்மெண்டுக் குறிப்பு ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டாங்க. ஒண்ணுமில்ல. கமிட்டி ஃபைலு 'ஒத்திவைப்பு'. புள்ளை அப்பா வீட்டுலயே இருக்கட்டும், மாசத்துல ரெண்டாவது சனி, நாலாவது சனி, ரெண்டு மணி நேரம் அம்மா வந்து பாக்கலாம், கோர்ட்டுலயே, ஆள் முன்னால. அதுதான் உத்தரவு. இப்போதைக்குன்னு சொல்லியிருக்கறாங்க.

அக்கா இங்க இருந்து நின்னுட்டாங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங். பனியன்ல ஓட்டை இருக்குதான்னு பாக்கறதுக்கு அந்தக் கை. அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாங்க துண்டு காயப்போடறோம்.

எனக்கும் மனசு கேக்குமாங்க? போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை ஒரு சாக்லேட் டப்பா வாங்கிக்கிட்டு நானே போனேன். அக்காளச் சிரிக்க வெச்சு எவ்வளவு நாளாச்சு. கோர்ட்டுக்குப் பின்னால ஒரு ரூமு. செவுத்துல மொசல் படம் வரைஞ்சிருக்குது, பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேடம் ரெஜிஸ்டர வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறாங்க. வாசல்ல அந்தப் புள்ளையோட அத்தை காவலு. நான் சன்னலுக்கிட்ட நின்னு பாத்தேன்.

புள்ளை ஸ்பெசல் கிளாஸ்ல இருந்து அப்படியே வந்திருக்குது, புஸ்தகப் பையி மூட்டை மாதிரி. எறக்கி வெச்சுட்டு, "அம்மா, இங்க வலிக்குது"ன்னு கழுத்தக் காட்டுச்சு. அக்கா எந்திரிச்சுப் பின்னால போனாங்க. ரெண்டு கட்டை விரல். காதுக்குக் கீழ இருந்து ஆரம்பிச்சு அப்படியே எறங்கறாங்க. புள்ளை தலைய முன்னால தொங்கப் போட்டு, கண்ண மூடிருச்சு. நாலு மாசத்துல அந்தக் கை அப்பத்தான் வேலை செய்யுது. நான் பாத்த வரைக்கும் அதுக்கு முன்னாலயும் அவுங்க அப்படிச் செஞ்சதில்ல.

ரெஜிஸ்டர் மேடம் நிமுந்து பாத்தாங்க. "ஏம்மா, கைய எடுங்க. இங்க அதெல்லாம் வேண்டாம்."

வாசல்ல இருந்து அத்தை, "பாத்தீங்களா மேடம், நாங்க சொன்னா யாரு நம்பறாங்க?"

அக்கா எடுத்துட்டாங்க. வந்து நாற்காலியில உக்காந்து ரெண்டு கையயும் பைக்கு அடியில வெச்சுக்கிட்டாங்க. புள்ளை இன்னும் தலையத் தொங்கப் போட்டபடியே இருக்குது, மறுபடி வருவாங்கன்னு.

வந்துச்சுங்க வாயி. நிக்குமா அது? உள்ள போயி நின்னு, "ஏனுங் மேடம், பெத்த புள்ளையத் தொடறதுக்கும் லைசென்ஸ் கேப்பீங்களா?"ன்னேன். தப்பா? நாயமான கேள்விதானுங்க?

புள்ளை நிமுந்து பாத்துச்சு. மூஞ்சி அப்படியே மலந்துருச்சு. "ஐ! வியாழக்கிழமை ரெண்டரை மணி மாமா! அம்மா, உன் கூட வீடியோவுல நின்னாரே, அந்த மாமாம்மா!" அந்த "ஆ...ஹ்" வேற செஞ்சு காட்டுச்சு. அச்சு அசல் அதே மாதிரி. பல்லடத்துல ஸ்கூல் பூரா செய்யறாங்களாம்.

அத்தை உள்ள வந்துட்டாங்க. "இவனும் இங்கயே வந்தாச்சா? எழுதுங்க மேடம். ரெண்டு மணி நேரம் குடுத்தா யாரு யாரெல்லாம் வர்றாங்கன்னு எழுதுங்க. அடுத்த வாய்தாவுல நாங்க காட்டிக்கறோம்."

மேடம் பேனாவ எடுத்துட்டாங்க. அக்காளப் பாத்துக் கேட்டாங்க. "யாரும்மா இவரு? நீங்க வரச் சொன்னீங்களா?"

அக்கா என்னையப் பாத்தாங்க. நல்லா, நேராப் பாத்தாங்க. "யாருங்க நீங்க?"ன்னாங்க.

நான் வெளாட்டுன்னு நெனச்சுச் சிரிச்சுட்டேன். "அக்கா, சபரிக்கா."

"தெரியாதுங்க மேடம். யாரோ."

ரெண்டரை வருசமுங்க. ஒரு பலகைதான் நடுவுல. மத்தியானம் என்ற டிபன்ல அவுங்க கொழம்பு, அவுங்க டிபன்ல என்ற ஆம்லெட்டு. யாரோவாம். வாட்ச்மேன் வந்து என் தோள்ல கைய வெச்சான், எப்படி வெக்கணும்னுகூடத் தெரியாம. சாக்லேட் டப்பாவ மேசையில வெச்சேன், அத்தை எடுத்து என் கையிலயே திணிச்சாங்க.

நான் வெளிய வந்து, கதவச் சாத்தறப்பக் கேட்டுச்சுங்க, அந்தப் புள்ளை சிரிப்ப நிறுத்திட்டுக் கேட்டது. "நீ ஏம்மா பொய் சொல்ற?"

அதுக்கு அக்கா என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. நின்னு கேட்டுப் பாத்தேன். நல்ல கெட்டிக் கதவுங்க அது.